சிவப்பு எண்ணெயும் ப்ரோஷ்பெரின் தலையும்

ரூதினா, ஹ்வார் தீவு
ஜூன் 3

ரெனாட்டா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. போன கோடையில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. போனில் பேசினால் என் குரல் உயரும். உடனே லூக்ஷா உன் கையிலிருந்து போனை வாங்கி, "அக்கா, ஜாக்ரெப்ல நல்ல மழை" என்பான். நாம் இருவரும் சண்டை போட்டால் என் தம்பிக்கு எப்போதும் மழைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

இத்துடன் மூன்று புட்டிகள் வரும். மஞ்சள், பச்சை, சிவப்பு. மூன்றும் என் வீட்டில், என் ஒலிவ எண்ணெயில், என் கையால் ஊறப்போட்டவை. எதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ "ஓ, வின்காவின் பூவா" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு குறைத்து மதிப்பிடுவாய். உன் ஆய்வகத்தில் வெயிலை அளக்கிற கருவி இருக்கிறது என்று நீயே பீற்றிக்கொண்டிருக்கிறாய். அதில் வைத்துப் பார். எது வெயிலை நன்றாகப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். செப்டம்பரில். மாப்பிள்ளை ப்ரோஷ்பெர். உனக்குத் தெரிந்தவர்தான். படகுத்துறையில் நின்று கை அசைத்து, கார்களைக் கப்பலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாரே, அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டை வைக்கப் போனாலும், இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம், போதும் என்று கை காட்டுகிறார்.

கோயில் அறிவிப்புப் பலகையில் கல்யாணச் செய்தியோடு ஒட்டுவதற்குப் பாதிரியார் டோன் யூரே எங்களைப் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் என்னைவிட மூத்தவர். ஆனாலும் ஆயுள் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் நிழலில் நின்றவர். நான் ஸ்மில்யே பூ வயலில் வெயிலில் குனிந்தே கிடந்தவள். படத்தில் நான் அவருக்கு அத்தை மாதிரி இருக்கிறேன்.

இதை லூக்ஷாவிடம் சொல்லாதே.

வின்கா


ஜாக்ரெப்
ஜூன் 16

அன்புள்ள வின்கா அக்காவுக்கு,

புட்டிகள் வந்து சேர்ந்தன. ஆய்வக மேஜையில் வரிசையாக வைத்தேன். எதிர்ப்பக்கம் உட்காரும் பையன் "டிராபிக் சிக்னலா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கல்யாணச் செய்தியைப் படித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். லூக்ஷாவிடம் சொன்னேன். அத்தை என்று நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. அவர் சமையலறையில் நின்றபடியே, "யாரு, கை ஆட்டுற ப்ரோஷ்பெரா? நல்ல மனுஷன். அக்காவையும் அப்படியே கையாலயே திருப்பி நிறுத்திடுவாரு" என்றார். பிறகு எனக்குத் தெரியாதபடி திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை நீங்களும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

போன ஆகஸ்டைப் பற்றி நீங்களே ஆரம்பித்ததால் ஒரு வார்த்தை. சந்தையில் உங்கள் கடைப் பலகையில் "சுருக்கம் போகும், வெயில் சுடாது" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஜெர்மன் பெண் தன் கைக்குழந்தைக்கு அதைத் தடவப் போனாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இதில் வெயில் காப்பு இல்லை, குழந்தைக்குத் தொப்பி போடுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னது தப்பு என்று அதன் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்ட எல்லோரும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் தொப்பி வாங்கப் போய்விட்டார்கள். அது இன்னும் பெரிய தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

புட்டிகளைப் பற்றி: என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றை அளந்து பயனில்லை. ஸ்மில்யே பூவின் சாறு, தட்டில் வளர்த்த தோல் செல்களில் மூப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது போலத் தெரிகிறது. நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் தட்டு வேறு, முகம் வேறு. ஒலிவ இலையும் நம்பிக்கை தருகிறது. ஆனால் எவ்வளவு பூச வேண்டும், எத்தனை நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பாக இருப்பது கேரட் என்று எனக்குத் தெரியாதா? நம் ஊரில் கடற்கரைக்குப் போகிற எல்லா வீட்டிலும் ஒரு கேரட் எண்ணெய் ஜாடி உண்டு. ஆனால் அது தோலைக் கறுக்க வைக்கத்தான் உதவும், காக்க இல்லை. இருந்தாலும் அளக்கிறேன். ஆனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது.

ரெனாட்டா


ரூதினா
ஜூன் 29

ரெனாட்டா,

உன் கடிதத்தை ப்ரோஷ்பெருக்குப் படித்துக் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எத்தனை "ஆனால்" என்று. பிறகு, "இந்தப் பொண்ணு கார் ஓட்டுனா கப்பல்ல ஏறவே மாட்டா. பாதி ஏறி பின்னாடி வருவா" என்றார்.

சிவப்பு கேரட் என்று கண்டுபிடித்திருக்கிறாய். படித்தவள், தெரியாமல் இருக்குமா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தை விஷயத்தில் ஜெர்மன்காரியின் குழந்தையை நீ இப்போது கொண்டுவருகிறாய். அன்றைக்கு நீ முதலில் சொன்னது "இதுல ஒண்ணுமில்ல" என்பதுதான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன் எழுந்து, அரிவாளால் அறுத்து, முதுகில் சுமந்து கொண்டுவந்து, செப்புப் பானையில் வடித்து, புட்டியில் அடைத்தால், "ஒண்ணுமில்ல."

எனக்கு இப்போது வியாக்கியானம் வேண்டாம். வயலில் அறுவடை நடக்கிறது, படிக்க நேரமில்லை. எது வெயிலை அதிகமாகப் பிடிக்கிறது? ஒரு வரி எழுது. "ஆனால்" இல்லாமல் எழுது. உன்னால் முடியுமா என்று பார்க்கிறேன்.

வின்கா


ஜாக்ரெப்
ஜூலை 20

வின்கா அக்கா,

சிவப்பு எண்ணெய்தான் ஒளியை மிக அதிகமாக உள்ளே வாங்குகிறது. மஞ்சளும் பச்சையும் வெகுதூரம் பின்னால்.

"ஆனால்" இல்லை.

ரெனாட்டா


ரூதினா
ஆகஸ்ட் 17

ரெனாட்டா,

உன் ஒரு வரிக் கடிதத்தை நான் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். இன்று கிழித்துப் போட்டேன். நீ திருப்தியாக இருப்பாய்.

நடந்ததைச் சொல்கிறேன். மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு இந்த வருஷம் பல்லக்குக் குடையின் முன்கம்பு ப்ரோஷ்பெருக்குக் கிடைத்தது. அதற்கு அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். உனக்கும் வழக்கம் தெரியும், குடையின் கீழே டோன் யூரே வருவார். குடையைத் தூக்குகிற நான்கு ஆண்களும் தலையில் எதுவும் போடாமல் வெயிலில் நடக்க வேண்டும். கோயிலிலிருந்து துறைமுகம் வரை. துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளை ஆசீர்வதித்து முடியும் வரை. திரும்பவும் கோயில் வரை. நடுப்பகலில். ப்ரோஷ்பெருக்குத் தலையில் முடி கிடையாது. கப்பலுக்குள் இருந்த தலை. வெயிலே பார்க்காத தலை. வெள்ளைக் கல் மாதிரி இருக்கும்.

தொப்பி போட முடியாது. சரி, எண்ணெய் போடலாம் என்று நினைத்தேன். ஜாக்ரெப் ஆய்வகமே சொல்லிவிட்டது, சிவப்பு என்று. அன்று காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் தாராளமாகத் தடவினேன். பளபளவென்று இருந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆசீர்வாதம் எனக்கா, படகுக்கா?" என்று கேட்டார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

படகுகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறபோதே தலை இளஞ்சிவப்பாகிவிட்டது. திரும்பி வருகிறபோது வேகவைத்த நண்டு மாதிரி. சாயங்காலம் கொப்புளம். மனுஷன் கம்பை விடவில்லை. குடையை ஒரு பக்கம் சாயவிடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ரொட்டிக் கடையில் என் காதுபடவே சொன்னார்கள். "வின்கா வேணும்னேதான் பொசுக்கிட்டா. மாப்பிள்ள இளசா தெரியறாருன்னு பொறுக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு ஆக்கிட்டா." அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை முதல் கப்பலில் ஸ்ப்ளிட்டுக்குப் போய்விட்டார், தங்கை வீட்டுக்கு. என்னிடம் சொல்லவில்லை. கப்பலில் கார் ஏற்றுகிற பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். அது கேரட் இல்லை. கந்தாரியோன், வயலோரத்து மஞ்சள் பூ. போன வருஷம் யோவான் திருநாளன்று பறித்து, ஜன்னலில் கோடை முழுக்க வெயிலில் வைத்துச் சிவந்த எண்ணெய். நீ கேரட் என்று எழுதியபோது எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. படித்தவளுக்குக் கேரட்டுக்கும் கந்தாரியோனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கல்யாண விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்வதற்காக வைத்திருந்தேன். கந்தாரியோன் தடவிக்கொண்டு வெயிலில் போகாதே என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் கடலில் இறங்காதே, ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே என்பதோடு சேர்த்து அதையும் ஒரு பயமுறுத்தலாகத்தான் வைத்திருந்தேன். அதுவும் வெயிலை அவ்வளவு நாள் தின்ற எண்ணெய், வெயிலுக்கு அசராது என்று எனக்கு ஒரு எண்ணம். உன் கடிதம் வந்ததும், பார், விஞ்ஞானமே என் பக்கம் என்று நினைத்தேன்.

இப்போது கல்யாணம் நடக்குமா என்று தெரியவில்லை. டோன் யூரே பலகையிலிருந்து படத்தை எடுக்கவா என்று மெதுவாகக் கேட்கிறார்.

வின்கா


ஜாக்ரெப்
ஆகஸ்ட் 21

அக்கா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற டிராமில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன்.

முதலில் அவசியமானது. அவர் தலையில் இனி எந்த எண்ணெயும் வேண்டாம். உங்களுடையதும் சரி, பக்கத்து வீட்டாருடையதும் சரி. குளிர்ந்த ஈரத்துணி போடலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை அவருடைய தங்கை வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். தங்கை நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "நீங்கதான் அந்த ஆய்வகமா?" என்றாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இப்போது நீங்கள் கேட்காத விளக்கம். நான் எழுதியது பொய்யில்லை. சிவப்பு எண்ணெய் ஒளியை நிறைய உள்ளே வாங்கத்தான் செய்கிறது. வாங்கியதை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். நல்ல வெயில் காப்பு, வாங்கியதை வெறும் சூடாக்கி வெளியே தள்ளிவிடும். கந்தாரியோனின் சிவப்பு அப்படி இல்லை. வாங்கியதைப் பக்கத்தில் இருக்கிற தோலிடமே கொடுத்துவிடும். கடன் வாங்கி அடுத்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கிற ஆள் மாதிரி. வெறும் ஒலிவ எண்ணெயைத் தடவி நடுப்பகலில் நிறுத்தியிருந்தாலும் அந்தத் தலை வெந்திருக்கும். பூவின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் பங்கை மட்டும் சொல்ல முடியும்.

அன்று அளவெடுத்து முடித்ததும் நான் ஒரு நீளமான கடிதம் எழுதினேன், அக்கா. அதில் இதெல்லாம் இருந்தது. உள்ளே வாங்குவது வேறு, காப்பது வேறு, இது கேரட் இல்லையென்றால் உடனே சொல்லுங்கள் என்றுகூட எழுதியிருந்தேன். கேரட்டுக்கு அந்த அளவு வராது. எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு ப்ரோஷ்பெர் விரல் விட்டு எண்ணியது நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டு மேஜையில் என் கடிதத்தைப் படித்துச் சிரிக்கிறீர்கள் என்று கோபம். ஒரு வரிதானே கேட்டார்கள், ஒரு வரியே இருக்கட்டும் என்று அதைக் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு வரியை அஞ்சலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் படித்து, இத்தனை வருஷம் கருவிகளோடு உட்கார்ந்து, கடைசியில் நாத்தனாரிடம் ஜெயிப்பதற்காக ஒரு அளவைப் பாதி மட்டும் சொல்லியிருக்கிறேன்.

லூக்ஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை என்று சொல்லவில்லை. "மஞ்சள், பச்சை, சிவப்பு. சிவப்புன்னா நிக்கணும்னு உங்க ரெண்டு பேருக்குமே யாரும் சொல்லித் தரலையா?" என்றார். எங்கள் தீவில் சிக்னலே கிடையாது என்று உங்கள் சார்பாக நானே பதில் சொன்னேன்.

ரெனாட்டா


ரூதினா
ஆகஸ்ட் 26

ரெனாட்டா,

நீ கிழித்த கடிதத்தை நான் படித்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். படித்திருக்க மாட்டேன். இரண்டாவது "ஆனால்" வந்ததுமே மடித்து வைத்திருப்பேன். அதனால் அந்தப் பழியை முழுக்க நீயே எடுத்துக்கொள்ளாதே. புட்டிகளில் பேர் எழுதாமல் அனுப்பியவள் நான். உன்னைத் தவறு செய்ய வைக்க வேண்டும் என்றுதான் எழுதாமல் அனுப்பினேன். நீ செய்தாய். அடி விழுந்தது மூன்றாவது மனுஷன் தலையில்.

ஸ்ப்ளிட்டுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். தங்கைதான் எடுக்கிறாள். தூங்குகிறார் என்கிறாள். எப்போது கேட்டாலும் தூங்குகிறார். பூனைகூட அவ்வளவு தூங்காது. ஒரு தடவை பின்னால் அவர் குரல் கேட்டது, யாருக்கோ காரை நிறுத்த வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துச் சொல்கிறார் போலிருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். சிரிக்காதே. இத்தனை வயசுக்கு மேல் கல்யாணம் எதற்கு என்று ஊர் கேட்டபோது, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வயலிலிருந்து வருகிறபோது வீட்டில் விளக்கு எரிய வேண்டும். யாராவது ஒருவர், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க வேண்டும். ஜூன் முழுக்க அவர் கேட்டார். தினமும் கேட்டார். நானும் தினமும் சிடுசிடுத்தேன், வயல் தானாக அறுத்துக்கொள்ளுமா என்று. இப்போது விளக்கு எரியவில்லை.

நான் என் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டு ஆரம்பித்த வேலை இது. அவருக்குப் பக்கத்தில் கிழவியாகத் தெரியக் கூடாது என்று. இப்போது பக்கமே இல்லை.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம் என்று ஜூன் மாதமே எழுத நினைத்திருந்தேன். எழுதவில்லை. இப்போது வா என்று எழுதுகிறேன். கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வின்கா


ஸ்ப்ளிட், கப்பல் துறை
ஆகஸ்ட் 31

அக்கா,

இதைப் பயணச்சீட்டு கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலக் கப்பலில் வருகிற உங்கள் ஊர் பையனிடம் கொடுத்தனுப்புவேன். நான் ராத்திரி பஸ்ஸில் திரும்பியாக வேண்டும், நாளைக்கு வேலை.

ப்ரோஷ்பெரைப் பார்த்தேன். தங்கை கதவைத் திறந்து, "ஆய்வகம் வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவர் சமையலறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார். துணிக்குக் கீழே தயிர் வழிந்தது. எண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டுத் தயிருக்கு மாறியிருக்கிறார்கள். மருத்துவர் திட்டினாராம். ஆனாலும் தயிர் தொடர்கிறது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அளவை, பூவை, கேரட்டை, கிழித்த கடிதத்தை எல்லாம் சொன்னேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். அவர் முழுக்கக் கேட்டார். கையை மட்டும் அடிக்கடி அசைத்தார், மேலே வா, வா, போதும் என்று. பிறகு, ஊர்ப் பேச்சை நம்பித்தானே வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேணும்னு செஞ்சான்னு நான் ஏம்மா நம்பப் போறேன்? வின்கா ஒருத்தர வேணும்னு பொசுக்கணும்னா எண்ணெய் எதுக்கு, நாக்கு போதுமே. நான் ஓடி வந்தது அதுக்கில்ல. கண்ணாடியில பாத்தேன். தல பூரா தோலு உரிஞ்சு தொங்குது, பழைய சுவரு மாதிரி. இந்தத் தலையோட அவ பக்கத்துல எப்படி நிக்கிறது? அவ மொகம் எவ்வளவு லட்சணம். அந்தப் படத்துலயே பாருங்க, அவ ராணி மாதிரி நிக்கிறா, நான் உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி நிக்கிறேன். அப்பவே எனக்கு மனசு சரியில்ல."

அக்கா, அவர் அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எடுத்தே காட்டினார்.

தங்கை அடுப்பருகே இருந்து சொன்னாள், "இன்னொண்ணையும் சொல்லு. மூஞ்சிக்குப் பூசுறதச் சொல்லு." அவர் சொல்ல மறுத்தார். அவளே அலமாரியைத் திறந்து காட்டினாள். உங்கள் ஸ்மில்யே களிம்பு. காலி ஜாடிகள். சந்தையில் நேரே வாங்க வெட்கப்பட்டு, தங்கைக்கு என்று சொல்லி வாங்குவாராம். நெற்றியிலும் கண்ணோரத்திலும் தினமும் பூசுகிறார். கப்பலில் இருந்த காலத்திலிருந்தே. அவர் இளமையாகத் தெரிவதற்குக் காரணம் கப்பலின் நிழலா, உங்கள் களிம்பா, அவர் பிறப்பா என்று நான் சொல்ல மாட்டேன். நிழல் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

நானே எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக் குளியலறையிலும் ஒரு ஜாடி இருக்கிறது, அக்கா. ஆய்வகம் தருகிற நல்ல களிம்புகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில் உங்கள் கடையில் சத்தம் போடுவதற்கு முந்தின நாள் வாங்கியது. வேலை செய்கிறதா என்று ஒரு தடவைகூட அளந்ததில்லை. ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால் ரூதினாவின் கற்கள் வெயிலில் காய்கிற வாசனை வருகிறது. இதைச் சொல்வதும் "இதுல ஒண்ணுமில்ல" என்று சொன்ன அதே வாய்தான்.

அவர் வருவார் என்று நினைக்கிறேன். கேட்டதற்கு, "தோலு ஆறட்டும்" என்றார். எப்போது என்று கேட்டேன். தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார். நீங்கள் போன் செய்யாதீர்கள். நேரே வாருங்கள். அவர் தூங்குகிறார் என்று தங்கை சொன்னால் உள்ளே நுழையுங்கள்.

ரெனாட்டா


ரூதினா
செப்டம்பர் 24

ரெனாட்டா,

நீயும் லூக்ஷாவும் கப்பலேறிய அன்றே எழுத உட்கார்ந்தேன். விருந்துப் பாத்திரங்கள் கழுவி முடியவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

நீ இருந்து பார்த்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. கல்யாணத்தை வெயில் தாழ்ந்த பிறகு வைக்கச் சொல்லி நான் டோன் யூரேயிடம் கேட்டபோது, சாயங்காலக் கல்யாணம் வழக்கமில்லை என்றார். ப்ரோஷ்பெர் துணியை எடுத்துத் தலையைக் காட்டினார். டோன் யூரே சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சரி என்றார். அப்படியும் லூக்ஷா, பாதிரியாரின் கறுப்புக் குடையை எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு துறைமுகம் வரை வந்தானே, சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும். வெயிலே இல்லையடா என்று சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா வெயில் தேவையில்ல அக்கா" என்றான். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். நான் உன்னைக் கவனித்தேன்.

ஸ்ப்ளிட்டில் நான் என்ன பேசினேன் என்று நீ விருந்தில் கேட்டாய். அப்போது சொல்லவில்லை. தங்கை கதவைத் திறந்து, தூங்குகிறார் என்றாள். நுழைந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் துணியை இழுத்துக் கண்வரை மூடிக்கொண்டார். நான் துணியை எடுத்து மேஜையில் வைத்தேன். நன்றாகப் பார்த்தேன். பிறகு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உன் ஜாடி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ப்ரோஷ்பெரிடம் மட்டும் சொன்னேன். அவர் இப்போது உன்னைத் தன் கட்சி என்கிறார்.

கடைக்குப் புதுப் பலகை எழுதியிருக்கிறேன். நேற்றுதான் மாட்டினோம். "நன்றாக மணக்கும். தோலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தொப்பி போடு." என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் ஆனால். பக்கத்துக் கடைத் தொப்பிகளில் பாதியை வாங்கி என் மேஜையிலும் அடுக்கியிருக்கிறேன். ப்ரோஷ்பெர் பக்கத்தில் நின்று, தலையில் புதுத்தோல் திட்டுத் திட்டாக இருப்பதை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். தானே நடந்ததைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் கதையில் கொப்புளம் கொஞ்சம் பெரிதாகிறது. தொப்பிகள் நன்றாகப் போகின்றன. களிம்பும் போகிறது. ஒரு அம்மா, நீங்கள் ஏன் இவ்வளவு உண்மை பேசுகிறீர்கள் என்று கேட்டாள். என் தம்பி மனைவி ஆய்வகத்தில் இருக்கிறாள் என்றேன். கொஞ்சம் பீற்றிக்கொண்டேதான் சொன்னேன்.

குளிர்காலத்தில் உன் கருவிக்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன். இத்துடன் நான்கு புட்டிகள் அனுப்புகிறேன். நிதானமாகப் பார். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, உட்கார்ந்து படிக்கிறேன். ப்ரோஷ்பெர் எண்ண மாட்டார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு புட்டியின் மேலும் என்ன இருக்கிறது, எந்த வயல், எப்போது பறித்தது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று கேரட்.

வின்கா